பரம்பரை வெள்ளிப் பாத்திரம்: வயதும் ஊரும் அறியும் வழி

பரம்பரையாகக் கைக்கு வந்த வெள்ளிப் பாத்திரம் ஒன்றை அடையாளம் காண்பது என்றால் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுவது என்று பொருள். அது வெள்ளிதானா? எந்த ஊரில் செய்தது? எந்தக் காலத்தில் செய்தது? யார் கைவேலை? தமிழ்நாட்டுக் குடும்பங்களில் உள்ள பழைய உணவுமேசை வெள்ளி மூன்று வழிகளில் வந்திருக்கலாம். உள்ளூர் ஆசாரி அடித்துக் கொடுத்த தட்டும் டம்ளரும் கிண்ணமும் ஒரு வகை. ஆங்கிலேயர் காலத்தில் சென்னை, கல்கத்தா கடைகள் செய்து விற்ற தேநீர்க் கெண்டிகளும் தாம்பாளங்களும் இன்னொரு வகை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கரண்டிகளும் முட்கரண்டிகளும் மூன்றாவது வகை.

நகைக்கடைத் தராசு இந்த மூன்றையும் ஒரே கணக்கில் நிறுத்துவிடும். உருக்கிய பிறகு மிஞ்சுவது உலோகம் மட்டுமே. பாத்திரம் சுமந்துவந்த ஊர், ஆண்டு, கைவண்ணம் பற்றிய சான்றுகள் மீளாமல் அழிந்துவிடும். ஆகவே விற்பதற்கும் மாற்றிச் செய்வதற்கும் முன்னால் அடையாளம் காண வேண்டியது அவசியம். அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், சாய்வாக விழும் வெளிச்சம், துல்லியமான சிறு தராசு, கொஞ்சம் பொறுமை போதும்.

மாற்றும் முத்திரையும்

சுத்த வெள்ளி மிக மென்மையானது. அதில் கரண்டி செய்தால் வளையும், தட்டு செய்தால் நசுங்கும். அதனால் செம்பு கலந்து உறுதியாக்குவார்கள். ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி இருந்தால் அது ஸ்டெர்லிங். கலவையில் செம்பு எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியாது. எனவே மாற்றைச் சோதித்து, உலோகத்திலேயே முத்திரை குத்தும் வழக்கம் ஐரோப்பாவில் சட்டமாயிற்று.

இங்கிலாந்தில் 1300இல் முதலாம் எட்வர்டு மன்னர் காலத்துச் சட்டம் ஸ்டெர்லிங் தரமுள்ள வெள்ளியில் சிறுத்தைத் தலை முத்திரை இடச் சொன்னது. 1363இல் செய்தவரின் குறி கட்டாயமாயிற்று. 1478 முதல் லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்துக்குப் பொருளைக் கொண்டுசென்று சோதித்து முத்திரை பெறும் முறை வந்தது; ஆண்டைக் காட்டும் எழுத்தும் அப்போதுதான் சேர்ந்தது. 1544இல் நடக்கும் சிங்கம் வந்தது. இப்படிப் படிப்படியாகச் சேர்ந்த குறிகளால்தான், ஆங்கிலேய வெள்ளியைப் பல நேரங்களில் ஊர், ஆண்டு, செய்தவர் பெயர் வரை சொல்லிவிட முடிகிறது.

முத்திரையை எங்கே தேடுவது

கரண்டியிலும் முட்கரண்டியிலும் காம்பின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 1780க்கு முன் முத்திரைகள் காம்பின் கீழ்ப்பகுதியில், கிண்ணத்தை ஒட்டிக் குத்தப்பட்டன. அதன் பின் கைப்பிடி நுனியை நோக்கி நகர்ந்தன. முத்திரை இருக்கும் இடமே வயதுக்கு ஒரு தடயம்.

தேநீர்க் கெண்டியில் அடிப்பாகத்தில் முழு முத்திரை வரிசை இருக்கும். மூடியில் ஒன்றிரண்டு குறிகள் தனியாக இருக்கும். அடியின் குறிகளும் மூடியின் குறிகளும் பொருந்தாவிட்டால், மூடி பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம். தட்டிலும் தாம்பாளத்திலும் அடிப்பக்கம். குவளையில் அடிப்பாகம் அல்லது கைப்பிடிக்கு அருகே விளிம்போரம். கத்தியின் பிடி பெரும்பாலும் மெல்லிய வெள்ளித் தகட்டுக்குள் அரக்கு போன்ற பொருளை நிரப்பிச் செய்தது. அதில் முத்திரை எளிதில் தேய்ந்துபோகும்.

தேய்ந்த முத்திரையைப் படிக்கத் தேய்த்துத் துலக்குவது தவறு. வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து விழச் செய்து, பொருளை மெதுவாகத் திருப்பிப் பார்த்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து உருவம் தெரியும். கைபேசியில் பல கோணங்களில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதும் உதவும்.

ஆங்கிலேய முத்திரைகளைப் படிக்கும் வரிசை

முதலில் தரக்குறி. ஒரு முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் இருந்தால் இங்கிலாந்தின் ஸ்டெர்லிங். அமர்ந்திருக்கும் பிரிட்டானியா என்ற பெண் உருவம் இருந்தால் ஆயிரத்தில் ஏறத்தாழ 958 பங்கு கொண்ட உயர்ந்த தரம். 1697 முதல் 1720 வரை இந்த உயர்தரமே இங்கிலாந்தில் கட்டாயமாக இருந்தது. வெள்ளி நாணயங்களை உருக்கிப் பாத்திரமாக்குவதைத் தடுக்கவே அந்த ஏற்பாடு. 1720க்குப் பின் விருப்பமுள்ளவர்கள் மட்டும் அதைத் தொடர்ந்தனர்.

இரண்டாவது ஊர்க்குறி. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை. 1821 வரை அதன் தலையில் கிரீடம் உண்டு, அதன் பின் இல்லை. பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்குக் கிரீடம். இவ்விரு ஊர்ச் சோதனை நிலையங்களும் 1773ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொடங்கியவை. ஷெஃபீல்டு 1975இல் கிரீடத்தை விட்டு ரோஜாவுக்கு மாறியது. செஸ்டருக்குக் கோதுமைக் கதிர்க்கட்டுகளும் வாளும்; அந்த நிலையம் 1962இல் மூடப்பட்டது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு மூன்று கோபுரக் கோட்டை. அயர்லாந்தின் டப்ளினுக்குக் கிரீடம் சூடிய யாழ். 1731 முதல் அதனோடு ஹைபர்னியா என்ற அமர்ந்த பெண் உருவமும் உண்டு. இவளைப் பிரிட்டானியாவோடு குழப்பிக்கொள்வது அடிக்கடி நேரும் பிழை. பக்கத்தில் யாழ் இருக்கிறதா என்று பார்த்தால் தெளிவாகிவிடும்.

மூன்றாவது வரிக்குறி. 1784 முதல் 1890 வரை வெள்ளிக்கு வரி செலுத்தியதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசியின் தலை பொறிக்கப்பட்டது. அது இருந்தால் பொருள் அந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று உடனே சொல்லிவிடலாம்.

நான்காவது ஆண்டெழுத்து. ஒவ்வொரு நிலையமும் ஆண்டுக்கு ஓர் எழுத்தாக வரிசையாக மாற்றிவந்தது. லண்டன் 'ஜே' எழுத்தை விட்டுவிட்டு 'ஏ' முதல் 'யு' வரை இருபது எழுத்துகளைப் பயன்படுத்தியது. ஒரு சுற்று முடிந்ததும் எழுத்தின் பாணியும் அதைச் சுற்றிய கேடயத்தின் வடிவமும் மாறும். எழுத்து ஒன்றுதான், ஆனால் பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா, நேர் வடிவமா, காத்திக் வடிவமா என்பதைப் பொறுத்து ஆண்டு மாறிவிடும். லண்டனில் 1975க்கு முன் எழுத்து மே மாதத்தில்தான் மாறியது. ஆகவே ஓர் எழுத்து இரண்டு நாட்காட்டி ஆண்டுகளில் பரவியிருக்கும்.

ஐந்தாவது செய்தவரின் குறி. பொதுவாகப் பெயரின் முதலெழுத்துகள். 1761இல் லண்டனில் தன் குறியைப் பதிவு செய்த ஹெஸ்டர் பேட்மன் என்ற பெண் பட்டறைத் தலைவர், 'எச்.பி.' என்பதைச் சாய்ந்த கையெழுத்து வடிவில் பொறித்தார். ஒரே முதலெழுத்துகள் பலருக்கு இருந்ததால், ஊரும் ஆண்டும் தெரிந்த பிறகே செய்தவரைத் தேட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு இந்த வரிசையின் பயனைக் காட்டும். ஒரு கரண்டியில் நடக்கும் சிங்கம், சிறுத்தைத் தலை, அரசத் தலை, 'ஏ' என்ற நேர் வடிவப் பெரிய எழுத்து ஆகியவை இருக்கின்றன. லண்டன் பட்டியலில் இந்த 'ஏ' 1796இலும் வருகிறது, 1876இலும் வருகிறது. சிறுத்தைக்குக் கிரீடம் இருந்து, அரசத் தலை வலப்பக்கம் பார்க்கும் மூன்றாம் ஜார்ஜாக இருந்தால் 1796. கிரீடம் இல்லாமல், தலை இடப்பக்கம் பார்க்கும் விக்டோரியாவாக இருந்தால் 1876. எண்பது ஆண்டு இடைவெளியை இரண்டு சிறு குறிகள் தீர்த்துவைக்கின்றன. ஒரு குறியை மட்டும் நம்பாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுவே.

வெள்ளி போலத் தோன்றுபவை

முத்திரை வரிசை இருப்பதாலேயே பொருள் கெட்டி வெள்ளி ஆகிவிடாது. முலாம் பூசிய பொருள் செய்தவர்களும் சிறுசிறு கேடயங்களுக்குள் எழுத்துகளைப் பொறித்தார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் ஹால்மார்க் போலவே இருக்கும். 'ஈ.பி.என்.எஸ்.' என்று இருந்தால் நிக்கல் கலவையின் மேல் மின்முலாம். 'ஈ.பி.பி.எம்.' என்றால் பிரிட்டானியா மெட்டல் என்ற வெள்ளீயக் கலவையின் மேல் மின்முலாம். 'ஏ1' என்பது முலாமின் தரத்தைக் குறிப்பது. நம் கடைகளில் ஜெர்மன் சில்வர் என்று விற்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது; அதில் வெள்ளி இல்லை.

முலாமிலும் பழமை உண்டு. ஷெஃபீல்டைச் சேர்ந்த தாமஸ் போல்சோவர் 1740களின் தொடக்கத்தில் செம்புக் கட்டியின் மேல் வெள்ளித் தகட்டைச் சூட்டால் ஒட்டவைத்து, இரண்டையும் சேர்த்துத் தகடாக உருட்டும் முறையைக் கண்டார். அதுவே பழைய ஷெஃபீல்டு பிளேட். 1840இல் பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றபின் இந்த முறை மறைந்தது. பழைய ஷெஃபீல்டு பிளேட்டில், தேய்ந்த மேடுகளில் செம்பின் சிவப்பு தெரியும். விளிம்பில் செம்பை மறைக்க வெள்ளிக் கம்பியை ஒட்டியிருப்பார்கள். உடலில் இணைப்புக் கோடு இருக்கும். கெட்டி வெள்ளி இல்லை என்பதற்காக இதை ஒதுக்கிவிடக் கூடாது. சேகரிப்பவர்கள் விரும்பித் தேடும் பொருள் இது.

பிற நாட்டுக் குறிகள்

பிரான்சில் 1838 முதல் தலைக்கவசம் அணிந்த மினர்வா தேவியின் தலை தரக்குறி. அதில் முதல் தரம் 950, இரண்டாம் தரம் 800. ஜெர்மனியில் 1888 முதல் பிறைநிலாவும் கிரீடமும், அருகே 800 போன்ற எண்ணும் இருக்கும். ஜார் காலத்து ரஷ்யாவில் '84' என்பது 96 பங்கில் 84 பங்கு வெள்ளி, அதாவது 875. அமெரிக்காவில் அரசுச் சோதனை நிலையம் இல்லை. செய்தவர் பெயரோடு 'ஸ்டெர்லிங்' என்ற சொல்லையே பொறித்தார்கள். எண் மட்டும் இருந்து சிங்கம் இல்லையென்றால், பொருள் இங்கிலாந்துக்கு வெளியே செய்ததாகவோ மிக அண்மைக் காலத்ததாகவோ இருக்கலாம்.

சென்னையில் செய்த வெள்ளி

ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் வெள்ளிக்கு அரசு ஹால்மார்க் முறை இருக்கவில்லை. அதனால் இங்கிருந்த ஐரோப்பியக் கடைகள் தங்கள் பெயரையோ முதலெழுத்துகளையோ பொறித்தன. சில கடைகள் லண்டன் முத்திரைகளைப் போன்ற உருவங்களையும் சேர்த்தன. கல்கத்தாவில் 1808இல் தொடங்கிய ஹாமில்டன் நிறுவனத்தின் பொருள்களில் பெயரெழுத்துகளோடு யானை உருவமும் காணப்படும். இவற்றை லண்டன் பட்டியலில் தேடினால் ஆண்டு கிடைக்காது. கடை எந்த ஆண்டுகளில் எந்தப் பெயரில் இயங்கியது என்பதை வைத்தே காலத்தை அறிய வேண்டும்.

சென்னையில் இவ்வகையில் பெரிய பெயர் பி. ஆர் அண்ட் சன்ஸ். 1849இல் தோன்றி, மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டு கொண்ட கட்டடத்திலிருந்து கடிகாரமும் நகையும் வெள்ளியும் விற்றது. அந்தக் காலச் சென்னை வெள்ளியின் தனி அடையாளம் சுவாமி வேலை. தெய்வ உருவங்களும் அவற்றின் வாகனங்களும் மாடங்களுக்குள் வரிசையாக நிற்பது போலத் தகட்டின் உள்பக்கத்திலிருந்து அடித்து வெளியே புடைக்கச் செய்து, பின் முன்பக்கத்தில் உளியால் செதுக்கித் திருத்துவார்கள். தேநீர்க் கெண்டியும் சர்க்கரைக் கிண்ணமும் ஐரோப்பிய வடிவம். அவற்றின் மேல் ஓடும் சிற்பம் தென்னிந்தியக் கோயில் மரபு. 1875–76இல் வேல்ஸ் இளவரசர், பின்னாளைய ஏழாம் எட்வர்டு, இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்த காலத்தில் இந்த வேலைக்கு ஐரோப்பாவில் நல்ல பெயர் இருந்தது.

முத்திரை தேய்ந்துபோனாலும் வேலைப்பாடே ஊரைச் சொல்லும். நெருக்கமான இலைக்கொடியும் அதனிடையே விலங்குகளும் ஓடினால் கட்ச். அங்கே பூஜ் நகரின் ஊமர்சி மாவ்ஜி பொறித்த 'ஓ.எம்.' குறி புகழ்பெற்றது. சால்வைப் பூவேலையும் சினார் இலையும் இருந்தால் காஷ்மீர். வேட்டையும் காடும் இருந்தால் லக்னோ. கிராமத்து வாழ்க்கைக் காட்சிகள் இருந்தால் கல்கத்தா. தஞ்சாவூர்க் கலைத்தட்டு வேறு வகை; பித்தளை அல்லது செம்புத் தட்டின் மேல் வெள்ளித் தகட்டு உருவங்களைப் பதித்தது. அதை முழு வெள்ளி என்று எடை போடக் கூடாது.

முத்திரையே இல்லாத வீட்டு வெள்ளி

ஆசாரி வீட்டுக்கே செய்து கொடுத்த பாத்திரத்தில் எந்த முத்திரையும் இல்லாமல் இருப்பது இயல்பு. அங்கே வேறு சான்றுகள் உண்டு. முதலாவது, பாத்திரத்தில் வெட்டிய பெயர். புள்ளி புள்ளியாகப் பொறித்த பெயரும் முதலெழுத்தும் எந்தத் தலைமுறை என்பதைக் காட்டும். எழுத்தின் வடிவமும் பயன்படும்: 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன், 'லை', 'னை', 'ணை' போன்றவை கொம்பு வளைந்த பழைய வடிவில் எழுதப்பட்டன. அந்த வடிவம் இருந்தால் பெயர் வெட்டிய காலம் பெரும்பாலும் அதற்கு முந்தியது. சீர்திருத்தத்துக்குப் பிறகும் பழைய கை எழுத்தை விடாதவர்கள் இருந்தார்கள் என்பதால், இது உறுதியான முடிவு அல்ல, துணைச் சான்று.

இரண்டாவது, எடைக்குறிப்பு. தோலாக் கணக்கில் எடை பொறித்திருந்தால், 1950களின் இறுதியில் மெட்ரிக் அளவை நாட்டில் பரவத் தொடங்குவதற்கு முந்திய பழக்கம் என்று கொள்ளலாம். ஒரு தோலா 11.66 கிராம், ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாயின் எடையும் அதுவே. அந்த ரூபாயில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 917 பங்கு வெள்ளி இருந்தது. 1940இல் அது 500 பங்காகக் குறைக்கப்பட்டது. பழைய ரூபாய்களை உருக்கிச் செய்த பாத்திரத்தின் மாற்று அந்த 917க்கு அருகில் அமையும். மூன்றாவது, காகிதங்கள். சீர்வரிசைப் பட்டியல், பாகப்பிரிவினைப் பத்திரம், அடகு ரசீது, கடைப் பில், திருமணப் புகைப்படம் எதையும் பாத்திரத்திலிருந்து பிரித்து வைக்கக் கூடாது.

வடிவம் தரும் சாட்சி

முத்திரை சொல்லும் ஆண்டுக்கு வடிவம் ஒத்துப்போக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழங்கிய ஹனோவேரியன் கரண்டியின் காம்பு நுனி மேல்நோக்கி வளையும். அக்காலத்தில் கரண்டியைக் கவிழ்த்து வைத்தார்கள். ஆகவே குடும்பச் சின்னம் பின்பக்கத்தில் இருக்கும். 1760களிலிருந்து பரவிய ஓல்ட் இங்கிலீஷ் வகையில் நுனி கீழ்நோக்கி வளைகிறது, சின்னம் முன்பக்கம் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோள் விரிந்த ஃபிடில் வகையும் அலங்காரம் மிகுந்த கிங்ஸ் வகையும் எங்கும் பரவின. முட்கரண்டியில் மூன்று முள் பழமைக்கு அடையாளம். நான்கு முள் பிற்கால வழக்கம்.

மாற்றிச் செய்ததும் போலியும்

வரலாற்றில் வெள்ளி பல முறை கைமாறியது, உருமாறியது. எளிய ஜார்ஜ் காலக் கரண்டிக்கு விக்டோரியா காலத்தில் பழங்கள் புடைத்த வேலைப்பாடும் பொன் முலாமும் சேர்த்து 'பெர்ரி ஸ்பூன்' ஆக்கினார்கள். கிடைப்பதற்கு அரிய பழைய முட்கரண்டி வேண்டுமென்று கரண்டிகளை வெட்டி முட்கரண்டி செய்தவர்களும் உண்டு. 1720 முதல் 1758 வரை அவுன்சுக்கு ஆறு பென்னி வரி இருந்தபோது, சிறிய பொருளின் முத்திரைத் துண்டை வெட்டிப் பெரிய பொருளில் பற்றவைத்து வரியைத் தவிர்த்தவர்களும் இருந்தார்கள். பொருளின் மேல் வாயால் ஊதினால் பனி படரும்போது பற்றவைத்த கோடு தெரியும். குடும்பச் சின்னத்தை அழித்த இடம் மெல்லியதாகி, அழுத்தினால் வளையும். உண்மையான முத்திரையின் விளிம்பு கூர்மையாக இருக்கும். அச்சில் வார்த்தெடுத்த போலியின் முத்திரை மழுங்கி, அதே இடத்தில் அதே தேய்மானத்தோடு பல பொருள்களில் திரும்பத் திரும்ப வரும்.

சேதமில்லாத சோதனைகள்

காந்தத்தில் வெள்ளி ஒட்டாது. ஆனால் செம்பும் பித்தளையும் ஒட்டாது என்பதால், காந்தம் இரும்பு கலந்ததை மட்டுமே விலக்கும். அடர்த்திச் சோதனை அதைவிட நம்பகமானது. பாத்திரத்தை முதலில் எடை போட வேண்டும். பிறகு தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து, நூலில் கட்டிய பொருளை அடியைத் தொடாமல் முழுதும் மூழ்கவிட்டு, எடை எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க வேண்டும். பொருள் 207 கிராம், கூடியது 20 கிராம் என்றால் அடர்த்தி 10.35. ஸ்டெர்லிங்கின் அடர்த்தி ஏறத்தாழ 10.36, ஜெர்மன் சில்வரும் பித்தளையும் 9க்குக் கீழே நிற்கும். உள்ளே காற்றோ அரக்கோ உள்ள பிடிகளுக்கும் மூடிய பாகங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

பழைய ஆங்கிலேயத் தாம்பாளங்களின் அடியில் கீறிய எடையும் உதவும். 12 அவுன்ஸ் 5 பென்னிவெயிட் என்று இருந்தால் இன்று ஏறத்தாழ 381 கிராம். இப்போதைய எடை சற்றுக் குறைந்திருப்பது தேய்மானத்தால். மிகவும் குறைந்தால் ஏதோ பாகம் நீக்கப்பட்டது, கூடினால் ஏதோ சேர்க்கப்பட்டது. அமிலச் சோதனை தழும்பை விடும். உரைகல்லில் தேய்ப்பதும் சிறு அளவில் உலோகத்தை எடுக்கும். எக்ஸ்ரே முறையில் இயங்கும் மாற்றுமானி மேற்பரப்பின் கலவையைச் சேதமின்றிச் சொல்லும். முலாம் பூசிய பொருளில் அது முலாமையே அளந்துவிடும் என்பதால், தேய்ந்த இடங்களையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

துலக்குதலும் பாதுகாப்பும்

வெள்ளி கறுப்பது காற்றிலும் உணவிலும் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆவதால். விபூதியும் பாலிஷ் பசையும் அந்தக் கறையோடு வெள்ளியையும் நுண்ணிய அளவில் தேய்த்தெடுக்கின்றன. தலைமுறை தலைமுறையாகத் துலக்கும்போது முதலில் அழிவது முத்திரையே. அடையாளம் காணும்வரை வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, பருத்தித் துணி இவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சோடா உப்பும் அலுமினியத் தகடும் கொண்டு கறையெடுக்கும் முறை சுவாமி வேலையின் பள்ளங்களில் இருக்கும் கருமையையும் எடுத்துவிடும். உருவங்கள் தட்டையாகத் தெரியத் தொடங்கும். உப்பும் முட்டையும் பட்ட கரண்டியை உடனே கழுவ வேண்டும். ரப்பர் பேண்டில் கந்தகம் இருப்பதால் அதைக் கொண்டு கரண்டிகளைக் கட்டக் கூடாது.

பதிவும் சட்டமும்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவுத் தாள் வைத்துக்கொள்வது நல்லது. முழு உருவப் படம், முத்திரையின் பெரிதாக்கிய படம், கிராமில் எடை, அளவுகள், பெயர்வெட்டு, பழுது பார்த்த இடங்கள், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற விவரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பாகம் பிரிக்கும்போது தேநீர்த் தொகுதியைப் பிரிக்காமல் ஒருவருக்கே கொடுப்பது அதன் வரலாற்றையும் மதிப்பையும் காக்கும். விலை கேட்கும்போது உலோக விலையையும் பழம்பொருள் விலையையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நல்ல பட்டறையின் முத்திரையும் தெளிவான வேலைப்பாடும் உள்ள பொருளில் இவ்விரண்டும் வெகுவாக வேறுபடலாம்.

நூறு ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருளும் கைவினைப் பொருளும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி தொல்பொருளாகலாம். அத்தகைய பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. அதை விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்குப் பாட்டியின் பழைய வெள்ளியை அனுப்ப நினைக்கும் குடும்பங்கள், முதலில் அதன் வயதை அறிந்து, இந்தியத் தொல்லியல் துறையிடம் விளக்கம் பெற்ற பின்னரே அனுப்ப வேண்டும்.